கோணி விரிக்கிற இடமும் ஒன்றரை வயசுக் குழந்தையும்

எண்பதுகளின் தொடக்கத்தில், பி.ஏ. முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, ஆரணியில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதும் சரியில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். படவேட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போக வைத்தவள் அக்கா, மார்க்கெட்டில் கீரையும் கத்திரிக்காயும் விற்று. மாமா லாரி ஓட்டினார். பத்து நாளைக்கு ஒரு முறை தலையைக் காட்டுவார்.

மார்க்கெட்டில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. விடியுமுன் சேத்துப்பட்டிலிருந்து காய்கறி லோடு வந்து இறங்கும்போது யார் கோணி விரிக்கிறார்களோ அவர்களுடையது. பல வருஷமாக ஒரே ஆள் விரிக்கிற இடத்தை மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்று ஒரு மரியாதை இருந்தது. தொடர்ந்து நாலைந்து நாள் பிந்தினால் அதுவும் போய்விடும். அக்காவின் இடம் நுழைகிற வழியிலேயே, இரண்டாவது. அதை வைத்துத்தான் எங்கள் சோறு.

அக்கா பிந்தாமல் போக முடிந்தது நெசவுத் தெருவில் பட்டு நூல் சுற்றுகிற ஓர் அம்மாவால். அக்காவின் ஒன்றரை வயசுப் பெண்ணையும் இன்னும் மூன்று வியாபாரிகளின் பிள்ளைகளையும் விடியற்காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். கூலி காய்கறிதான். ஒருத்தி தக்காளி கொடுத்தால் இன்னொருத்தி கீரை.

ஒரு நாள் எங்கள் பெண், இராட்டையில் ஏற்றியிருந்த பட்டு நூலை இழுத்துவிட்டாள். ஒரு கட்டு நூல் முழுக்கச் சிக்கு.

"எம்மா, உம் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல. நூலு மொதலாளியோடது. நாளையிலருந்து யாரையும் கொண்ணாராதீங்க," என்றார் அந்த அம்மா. பேசும்போதும் விரல்கள் சிக்கைத்தான் எடுத்துக்கொண்டிருந்தன.

அதன் பிறகு அக்கா பிள்ளையை எழுப்பி, கழுவி, பால் கொடுத்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகப் போய்ச் சேர ஐந்தரை ஆனது; அதற்குள் லோடு இறங்கி முடிந்திருக்கும். பழைய சேலைக் கிழிசலால் பிள்ளையைக் கொட்டகைத் தூணில் கட்டினாள். அது பச்சை மிளகாயைக் கடித்து அலறியது. அக்காவுக்கு எடைக்கல் எது, விலை எது என்றே மறந்துபோனது.

நான் பார்த்துக்கட்டுமா என்று ஒரு முறை கேட்டேன்.

"நீ புள்ள தூக்கவாடா படிச்சே? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க."

உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: மனு எழுதினேன். ஊரில் இருந்த பால்வாடி பத்து மணிக்குத்தான் திறக்கும். சின்னக் குழந்தைகளைச் சேர்க்காது. மார்க்கெட் பெண்களுக்காக விடியற்காலையில் திறக்கிற பால்வாடி ஒன்று வேண்டும் என்று இரண்டு பக்கம், நல்ல தமிழில். மைப்பெட்டியோடு கைநாட்டு வாங்க ஒரு காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன்.

அக்காவுக்குப் பக்கத்தில் தக்காளி விற்கிறவள் கட்டைவிரலை நீட்டினாள். நூல்காரம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகளில் அவள் பையனும் ஒருவன். காலிக் கூடைக்குள் உட்கார்ந்து, அழுகலைத் தின்றுகொண்டிருந்தான்.

"இன்னா எழுதிகீற தம்பி? படி."

முழுசும் படித்தேன்.

"ஷோக்கா கீது. இது ஆபீசருகிட்ட போயி, அவரு மேல அனுப்பிச்சி, திரும்பி வர்றதுக்குள்ள எம்புள்ள லாரி ஓட்டுவான்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "அதுவரைக்கும் நீ இன்னா பண்ணிகினு இருப்பே?"

"வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்க்கா."

"அத்த கேக்கல. காலைல நாலு மணிக்கு இன்னா பண்றே?"

தூங்குகிறேன் என்று எப்படிச் சொல்வது?

தலையைக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அவளுடைய கோணி அக்காவின் இடத்தில் பாதிக்குமேல் ஏறியிருந்தது. ஒரு முழ அகலத்தில், காலை மடக்கிக் குந்தியிருந்தாள் அக்கா. ஐந்தாவது நாளாகப் பிந்தி வந்தவள் என்ன பேசுவாள்?

மனுவை மடித்துப் பையில் வைத்தேன். தூணில் இருந்த முடிச்சை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். "டேய், டேய்" என்று அக்கா கூப்பிட்டது கேட்டது. நெசவுத் தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னோடு படித்தவன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "இன்னாடா, எப்ப கல்யாணம் ஆச்சு? சொல்லவே இல்ல!" என்றான். காது சுட்டது. வேகமாக நடந்தேன்.

மறுநாள் அக்கா தனியாக, நேரத்திலேயே போனாள். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது சொன்னாள், "தக்காளிக்காரி எடத்த வுட்டுத் தரேன்னுட்டா."

"சண்டை போட்டியா?"

"இல்ல. பேசினேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் விடியுமுன் கதவு தட்டப்பட்டது. தக்காளிக்காரி நின்றாள், இடுப்பில் பையனோடு.

"ஜல்தி வாங்கு தம்பி, லோடு வந்துடும். இவன கவுத்துப் போட்டாதான் தூங்குவான். முழிச்சிகினா பேஜாரு."

"எத்தன நாளைக்குக்கா?"

"உனக்கு வேல கெடைக்கிற வரைக்கும். உங்க அக்கா பேசினது அதான். அப்புறம் எடத்தப் பத்தி மறுபடியும் பேசிக்கலாம்."

அக்கா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேலை கிடைத்துவிடுமோ என்று அன்றுதான் முதல் முறையாகப் பயமாக இருந்தது. அதற்குள், திண்ணையில் கவிழ்த்துப் போட்ட பையன் விழித்துக்கொண்டு கத்தினான். அந்தச் சத்தத்தில் உள்ளே எங்கள் பெண்ணும் எழுந்து அழ, எதை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.