குண்டூசி என்றொரு தரவுத்தளம்

அலுவலகமே 'கையேட்டக்கா' என்று கூப்பிடும் அவளுக்கு ஒரு வழக்கம். தங்கள் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வருகிறது என்றால் போதும், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்ட ஒரு மடிக்கணினியை மேசையில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய கையேட்டை முதல் பக்கத்தில் பிரித்து, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிப் பார்ப்பாள். வேலை செய்தால் பச்சைப் பென்சிலில் ஒரு டிக். செய்யாவிட்டால், "அடப்பாவிங்களா, இதையும் மாத்திட்டீங்களா!" என்று புரோகிராமர்கள் வரிசையைப் பார்த்து ஒரு சத்தம். அவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்துகொள்வார்கள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினோரு வருடமாக இதே கூத்து. ஒரு நாளும் அவளுக்கு அலுத்ததில்லை.

கையேட்டில் உதாரணம் காட்டத் தரவுத்தளத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. 'மாதிரி ஒன்று' என்று வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் தங்கையின் பட்டப்பெயரை வைத்துவிட்டாள்: குண்டூசி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. பக்கத்துக்குப் பக்கம் குண்டூசியை உருவாக்குவதும், குண்டூசியை நகலெடுப்பதும், குண்டூசியைப் பூட்டுவதுமாகப் போகும். அடியில் பொடி எழுத்தில், 'இங்கே நீங்கள் விரும்பும் பெயரை இடவும்' என்று ஒரு குறிப்பு.

இந்த முறை அவள் நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது, புதிதாக வந்திருந்த மேலாளர் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"இந்தக் காலத்துல கையேட்ட யாரு மேடம் படிக்கிறாங்க? இருக்கறது அப்படியே இருக்கட்டும். நீங்க விளம்பரம் எழுத வந்துடுங்க."

"படிக்கிறாங்க சார்."

"எங்க, ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வரைக்கும் டைம். அதுவரைக்கும் இந்த வேலைய நிறுத்தி வைங்க."

பச்சைப் பென்சில் டப்பாவுக்குள் போனது. திங்களன்று புதிய பதிப்பு பழைய கையேட்டோடு வெளியே போனது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளம்பரம் எழுதுவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் அதைப் பார்த்து யாரும் எதையும் செய்து முடித்துவிட முடியாதே! வாடிக்கையாளர் நாலு பேருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தாள். பதிலே இல்லை.

வியாழன் மதியம் உதவிப் பிரிவில் இருக்கும் தோழியைச் சாப்பிடக் கூப்பிடப் போனாள். தோழி தொலைபேசியில் இருந்தாள்.

"சரிங்க டாக்டர். குண்டூசில இடம் பத்தல, அவ்வளவுதானே? பாத்துடலாம்."

கையேட்டக்கா அப்படியே நின்றுவிட்டாள். "ஏய், என்னன்னு சொன்ன?"

"ஒரு பல் டாக்டரு, அக்கா. அவரோட தரவுத்தளத்துக்குப் பேரு குண்டூசி. நிறைய பேருக்கு அதே பேருதான். ஏதோ நம்ம கம்பெனி வெச்ச பேருன்னு நெனச்சேன்."

சாப்பாட்டை மறந்துவிட்டு இரண்டு பேரும் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்த மாதத்தில் மட்டும் இருபத்தேழு குண்டூசிகள். ஒரு நூலகம், ஒரு டயர் கடை, மீன் ஏற்றுமதி செய்பவர்கள், ஓர் ஓட்டுநர் பள்ளி. உதாரணத்தைப் பார்த்து அப்படியே தட்டியிருக்கிறார்கள். பொடி எழுத்துக் குறிப்பை ஒருத்தரும் சீண்டவில்லை. கையேட்டக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பட்டியலை நீட்டினாள். மேலாளர் அசரவில்லை. "எப்பவோ ஒரு தடவ பாத்து அடிச்சிருப்பாங்க. அதுக்காகப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணுமா?" என்றபடி, புதிய பதிப்பின் வேகத்தைக் காட்டத் தன் கணினியைச் சுவர்த் திரையோடு இணைத்தார். அவருடைய தரவுத்தளங்கள் வரிசையாக வந்தன. மூன்றாவது, குண்டூசி.

அறையே கொல்லென்று சிரித்தது. அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "சேர்ந்த அன்னிக்கு அவசரத்துல... இருங்க, இப்பவே பேர மாத்திடறேன்" என்று பதறிக்கொண்டு கையேட்டைத் திறந்தார். இருநூற்றெட்டாம் பக்கம். அதில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் தட்டினார். 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்றது திரை. மறுபடியும் தட்டினார். மறுபடியும் இல்லை.

"கையேட்டுல இருக்கற மாதிரிதானே அடிச்சேன்?"

மூலையில் ஒரு புரோகிராமர் ஹெட்போனைக் கழற்றினார். "அந்தக் கட்டளைய இந்தப் பதிப்புல எடுத்துட்டோம் சார். இப்ப வேற."

"அத ஏன் கையேட்டுல மாத்தல?"

கேள்வி வாயை விட்டு வந்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

"ஒரு ஆளக் காட்டச் சொன்னீங்களே சார்," என்றாள் கையேட்டக்கா. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேலாளரும் சிரித்துவிட்டார். "மேடம், அந்த இருநூத்தியெட்டாம் பக்கத்துக்கு எப்ப வருவீங்க?"

"நாப்பதுல நிக்கிறேன் சார். வரிசையாத்தான் வருவேன்."

சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "என்னக் கேக்காம என் பேரையா வெச்ச?" என்று தங்கை ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "மொத்தம் எத்தன பேருன்னு சொன்ன?" என்றாள்.

"இருபத்தெட்டு. மேலாளரையும் சேத்து" என்று சொல்லிவிட்டு, கையேட்டக்கா நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினாள்.