முட்டித் தண்ணீர்

மலையேறுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பயணம் என்றாலும் முதலில் உயரத்தைத்தான் கேட்பார்கள். எத்தனை அடி ஏற்றம், எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு, எளிதா கடினமா என்று அங்கேயே முடிவுகட்டிவிடுவார்கள். எனக்கும் அந்த வியாதி முற்றியிருந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவன். பதினைந்து வருடமாகச் சென்னையில் வேலை. விடுமுறை கிடைத்தால் முதுகில் மூட்டையோடு ஏதாவது ஒரு மலையில் இருப்பேன்.

அலுவலக நடைக்குழுவுக்குப் பயணப் பட்டியல் போடுவது நான்தான். போன மாசியில் எங்கள் ஊரையே போட்டேன். ஏரியோரமாக நடந்து, தண்ணீர் வற்றிய இடத்தில் குறுக்கே கடந்து, எதிர்த்திட்டில் கூடாரம். ஏற்றம் பூஜ்யம். போடுவதற்கு முன் அக்காவுக்கு போன் செய்தேன். அக்கா அந்த ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குந்தி, சேற்றைத் துழாவியே பிள்ளைகளை வளர்த்தவள்.

"அந்தாண்ட போற வழில எவ்ளோ ஆழம்கா?"

"முட்டித் தண்ணிடா. ஒண்ணுமில்ல."

'எளிது' என்று போட்டேன்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓர் அம்மா வந்தார். என்னோடு வேலை செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம். நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியும் பயம் போகவில்லை. 'நடுத்தரம்' என்று போட்டிருந்தாலே கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுவார். "இது ஒண்ணு நடந்து பாக்கறேன் தம்பி. முடிஞ்சா அடுத்தது. இல்லன்னா இதோட விட்டுடறேன்" என்றார். புது ஷூ வாங்கினார். மதிய இடைவேளையில் மூட்டையை மாட்டிக்கொண்டு அலுவலக மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினார். நான்கூடக் கிண்டல் செய்தேன், அங்கே படியே கிடையாது என்று.

அக்கா பொய் சொல்லவில்லை. தண்ணீர் முட்டிக்கு மேல் ஏறவே இல்லை. அடியில் கிடந்த சேற்றைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சேற்றில் கைவைத்துப் பிழைக்கிறவர்கள் சேற்றைக் கஷ்டம் என்று நினைப்பதில்லை. அது இருந்தால்தான் இறால். தண்ணீர் கழுத்தைத் தாண்டினால்தான் எங்கள் ஊரில் கஷ்டம் என்பார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். மலையில் உயரம் கேட்ட புத்தி, இங்கே ஆழம் கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிட்டது.

ஏரியைக் கடக்கும்போது நடுவழியில் அந்த அம்மாவின் கால் சேற்றில் புதைந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மூட்டை ஒரு பக்கம் சாய, கால் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பி விழுந்தார்.

சற்றுத் தள்ளி இறால் தடவிக்கொண்டிருந்த அக்கா பறியை விட்டுவிட்டு வந்தாள். மூட்டையைக் கழற்றி என்னிடம் தந்தாள். சேற்றுக்குள் கைவிட்டு, ஷூவை அங்கேயே விட்டு, காலை மட்டும் மெல்ல உருவினாள்.

"ஊனாதம்மா. அப்டியே மல்லாந்துக்கோ, நான் இஸ்துகினு போறேன்."

கரையில் உட்கார வைத்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார். "ஸாரி தம்பி, எல்லாருக்கும் பயணம் கெட்டுப்போச்சு. எளிதானதே எனக்கு முடியலன்னா, இனி எது முடியும்?"

அந்தக் கேள்வியை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. கடினம் என்று போட்டிருந்தால், விழுந்த பழி ஏரியின் மேல் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் காலை நீட்டி, தன் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக வலி என்று கேட்டேன்.

"அது கீதுடா, அஞ்சாறு வருசமா. ஒண்ணுமில்ல."

"சேறு இவ்ளோ இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீ எவ்ளோ ஆழம்னுதானே கேட்ட? நடக்க இன்னா கஷ்டம்னு எப்பனா கேட்டுக்கிறியா?"

கேட்டதில்லை. இறாலை மட்டும் வருடக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறேன்.

பட்டியலில் 'கடினம்' என்று திருத்தினேன். இரண்டு மாதம் கழித்து, வேலைக்குத் திரும்பிய அந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். "நல்லது தம்பி, மத்தவங்களுக்கு உதவும்" என்றார். எங்கள் அலுவலகம் முதல் மாடியில்தான் இருக்கிறது. அவர் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார்.