முப்பத்திரண்டாவது வீடு

வியாழக்கிழமை காலை எய்னோவும் மகள் காய்சாவும் ஏரித் தண்ணீரின் வெப்பத்தை அளந்தார்கள். அவர் துடுப்பை ஊன்றிப் படகை அசையாமல் நிறுத்தினார். அவள் கயிற்றில் வெப்பமானியை இறக்கினாள்.

“பதினஞ்சரை டிகிரி.”

“அப்போ ஆண் பாஸ் மீன் இன்னும் முட்டைக்குக் காவல் நிக்குது. சனிக்கிழமை மீன்பிடி சீசன் திறக்குதாம்! எவன் குறிச்ச நாளோ!”

“தெற்கு ஏரிகளுக்குப் பொருந்துற தேதிப்பா. நமக்குப் பனி உருகவே மே பாதி போயிடுது.”

“என்கிட்ட சொல்லி என்ன பண்ண? மீன்வளத் துறைக்கு எழுதி எழுதி என் கைதான் தேயுது.”

மறுநாள் மதியம் எய்னோ படகுத்துறையில் சரிந்து இறந்துபோனார். மாரடைப்பு. வயது அறுபத்தெட்டு.

சாலை மட்டப்படுத்தும் வண்டி ஓட்டியவர். முப்பது வருடம் சீசனின் முதல் நாளன்று முதல் படகு அவருடையதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஐந்து பவுண்டு பாஸ் மீன் ஒன்றைப் பிடித்தார். மீன்பிடி விடுதிக்காரர் டெல்மர் போட்டோ எடுக்கும்வரை அதைத் தூக்கிக் காட்டினார். திரும்ப விட்டார், மீன் பிழைத்தது. அதற்குள் பெர்ச் மீன்கள் கூடி, அது காவல் காத்த முட்டைகளைத் தின்று தீர்த்துவிட்டன. கண்ணாடித் தண்ணீர், எல்லாம் தெரிந்தது.

அதன்பின் ஒரே பிடிவாதம்: இந்த ஏரிக்கு மட்டும் சீசனை இரண்டு வாரம் தள்ள வேண்டும். கரையில் முப்பத்திரண்டு வீடுகள். எல்லோரும் கையெழுத்திட்டால்தான் மனு எடுபடும். முப்பத்தொன்று கிடைத்தது. மிச்சம் டெல்மர் மட்டும். சீசனின் முதல் வாரம்தான் அவர் விடுதிக்கு அறுவடை.

“என்ன எய்னோ, மீனுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பிட்டியா? உன் போட்டோவைக் காட்டித்தான்யா நான் ஆள் பிடிக்கிறேன்!” என்று கடையில் வைத்து டெல்மர் சிரித்தார். எய்னோ மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை போய்ப் பேசறேன்” என்பார் மகளிடம். எத்தனையோ ஞாயிறுகள் போயின.

சனிக்கிழமை, காபி கொதிக்குமுன் ஏழு மோட்டார் படகுகளின் சத்தம். துறைக்கு எதிரே ஒருவன் பாஸைத் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டினான்.

“உடனே விடுங்க! கீழே முட்டை இருக்கு!” என்று காய்சா கத்தினாள்.

“சட்டப்படி இன்னிக்குத் திறந்தாச்சு, தங்கச்சி.”

அவன் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனு அப்பாவின் டிரக்கில் கிடந்தது. அதைக் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். முப்பத்திரண்டாவது வரியில் பென்சிலால் டெல்மரின் பெயரை எழுதி வைத்திருந்தார். அவரிடம் மட்டும் போகவே இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை.