தொட்டி வால்வை மூடிய அண்ணி

எங்கள் அண்ணியிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. நாத்தனார் நானே வாலைச் சுருட்டிக்கொண்டுதான் இருப்பேன். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். மூன்று மாடிக் கட்டிடத்தில் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறாள்.

அவள் மகள் பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முதல் நாள், கட்டிடத்தின் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டது. அண்ணியின் குளியலறைத் தரை ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் பொங்கி, கூடம்வரை கணுக்கால் அளவு நின்றது. நான் போனபோது வாசல் மீட்டர் பெட்டியில் மெயின் ஸ்விட்சை அணைத்துக்கொண்டிருந்தாள்.

மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்து, "அடப் பாவமே" என்றார்கள். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்கள். அங்கே ஒரு வாளி ஊற்றினால் இங்கே ஒரு வாளி ஏறியது.

அண்ணி மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடி, கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

இரண்டாம் மாடிக்காரர் சோப்பு நுரையோடு வந்தார். "என்னம்மா இது, பாதிக் குளியல்ல நிக்கிறேன்."

"உங்க மீதிக் குளியல் எங்க கூடத்துல நிக்குது சார்."

மூன்றாம் மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "யாரைக் கேட்டு மூடுனே?"

"என்னைக் கேட்டா எல்லாரும் கீழ அனுப்புனீங்க? அடைப்பை எடுங்க, திறக்கிறேன்."

நாளைக்குத்தான் ஆள் வரும் என்று சொல்லியிருந்தவர்தான். தன் வீட்டுக் கழிப்பறையிலும் தண்ணீர் வராமல் போனதும் மதியத்துக்குள் உறிஞ்சும் வண்டியே வந்துவிட்டது.

அடைப்பை எடுத்ததும் அண்ணி வால்வைத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் எங்கள் வேலை. ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை, முகத்தில் மாஸ்க். "கை கால்ல கீறல் இருக்கா? இருந்தா வெளியவே நில்லு" என்றாள் என்னிடம். சேற்றைத் தள்ளி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே பிளீச்சிங் கரைசல். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்துதான் வீண்.

வீட்டுக்காரர் ஆசிட் பாட்டிலோடு வந்தார். "இதையும் சேர்த்து ஊத்து, பளிச்சுன்னு ஆயிடும்."

"பிளீச்சிங் மேல ஆசிட் பட்டா வர்ற புகையில நாமதான் பளிச்சுன்னு போய்ச் சேருவோம். எடுத்துட்டுப் போங்க."

அண்ணன் பஞ்சு மெத்தைக்காக மன்றாடினான். "வெயில்ல போட்டா காஞ்சிடும்டி."

"காயும். உள்ள குடிச்சது எங்க போகும்? பேரப்பிள்ளையை அதுலயா போடுவீங்க?"

மெத்தை குப்பை வண்டியில் ஏறியது.

மறுநாள் ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க, தரை கண்ணாடியாக இருந்தது. வீட்டுக்காரர் மோந்து பார்த்தார். "நாத்தமே இல்லையே. பிள்ளையை வரச் சொல்லு."

அண்ணி சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம்.

"சுவரு குடிச்சு வச்சிருக்கு. காயறதுக்குள்ள பூசணம் பூத்தா பச்சைப் பிள்ளை மூச்சு என்னாகும்? இங்க வராது."

"அப்ப எங்க போகும்?"

"மேல உங்க முன்ரூம் சும்மாத்தானே பூட்டிக் கிடக்கு."

அவர் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற அவர் மனைவி, "சாவி என்கிட்டதான் இருக்கு, வாங்க" என்றாள்.

அண்ணி பூட்ஸை வெளியே கழற்றிவைத்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"மூணு மாடி ஏறணும்டி, மெதுவா வா. பிள்ளையை வீட்டுக்கார ஐயா தூக்கிட்டு வருவாரு."