செலினுக்காக ஒரு விண்ணப்பம்

பிரான்சில் குடியிருந்த செலின் என்ற பெண்மணியின் மானத்தை, என் ஒன்பதாவது வயதில், எங்கள் பங்குக் கோயில் ஒலிபெருக்கியில் நான் கப்பலேற்றினேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். என் நல்ல எண்ணங்கள் என்றால் வீட்டில் இன்றைக்கும் ஒரு பயம் உண்டு.

அந்த வருடம்தான் அம்மா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் எம்.ஏ. சேர்ந்திருந்தாள். கல்யாணத்தோடு பாதியில் நின்ற ஆசை அது. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து காலை எட்டு மணிக்குப் போனால் திரும்பி வர ஐந்தரை ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எப்போதும் திறந்திருந்த கதவு பூட்டிக்கிடக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டில் சாவி வாங்கி நானே திறந்து, மூடிவைத்த தட்டை நானே எடுத்துச் சாப்பிட வேண்டும். பல்கலைக்கழகம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காமல் போனது.

வந்தவுடனாவது என்னிடம் பேசுவாளா என்றால் அதுவும் இல்லை. செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பீன்ஸ் நறுக்கியபடி, கூடப் படிக்கும் தோழியோடு மணிக்கணக்கில் பேசுவாள். பேச்சு முழுக்க செலினைப் பற்றித்தான்.

"செலின் மேல தப்பே இல்லன்றேன் நானு. அவ புருஷன் அடிக்கல, குடிக்கல, எல்லாம் சரி. ஒருநாளாவது அவகிட்ட ஒக்காந்து பேசியிருக்கானா? அதான் வூட்ட வுட்டுப் பூட்டா. பொண்ண வுட்டுட்டுப் போனது பாவந்தான். ஆனா நான் அவ பக்கந்தான் பேசப்போறேன்."

நாவல் படிப்பவர்கள் அதில் வரும் ஆட்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலவே பேசுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பிரான்சில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. வருடத்துக்கு ஒருமுறை சாக்லேட் டப்பாக்களோடு வந்து, கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிற அத்தைகள் எனக்கே நான்கு பேர். ஐந்தாவதாக ஒரு செலின் அத்தை இருக்கக்கூடாதா? பாவம், குடும்பத்தில் ஏதோ பிரச்சினை, சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

செலினுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள் என்பதுதான் என்னை உலுக்கியது. அம்மாவோ செலின் பக்கம். அப்படியென்றால் அம்மாவும் ஒருநாள் எட்டு மணி பஸ் ஏறி, அப்படியே போய்விடுவாளா? அதை யாரிடம் கேட்பது? செலின் வீடு திரும்பிவிட்டால் அம்மாவுக்கும் அந்த எண்ணம் வராது என்று முடிவு செய்தேன்.

எங்கள் கோயிலில் சனிக்கிழமை நவநாள். மாதா சுரூபத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் விண்ணப்பங்களை எழுதிப் போட்டால் அடுத்த வாரம் பங்குச்சாமியார் வாசிப்பார், கோயிலே சேர்ந்து ஜெபிக்கும். பரீட்சை, விசா, பிள்ளைப்பேறு என்று எழுதுபவர்கள் யாரும் பேரைப் போட மாட்டார்கள். பள்ளியில் அப்போதுதான் கடிதம் எழுதப் படித்திருந்த நான், முகவரி இல்லாத கடிதம் போய்ச்சேராது என்று அப்பா பெயரையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் தெளிவாக எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை சாமியார் வாசித்தார். "பிரான்சு நாட்டில் கணவரையும் மகளையும் விட்டுப் பிரிந்து சென்ற எங்கள் செலின் அத்தை மனம் திரும்பி வீடு வந்து சேர..." பிறகு அப்பாவின் பெயரும் முகவரியும். முந்நூறு பேர் எழுந்து நின்று செலினுக்காக மன்றாடினார்கள். அம்மா முழந்தாளிட்டவள் எழுந்திருக்கவே இல்லை.

வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எந்த ஊர்ல இருக்காங்க? எம் புள்ள அங்கதான் இருக்கான், போய்ப் பாத்துட்டு வரச் சொல்லட்டா?" என்றாள் ஒருத்தி. யாருக்கும் துளி சந்தேகம் வரவில்லை.

அன்று மாலையே பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"நம்ம குடும்பத்துல எவம்மா ஓடிப்போனவ?"

"அது நாவல்ல வர்றவ மாமா. பாப்பா தெரியாம எழுதிட்டா."

சொந்தக்காரி ஓடிப்போயிருந்தால்கூட அவர் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார். "புருஷன வுட்டுட்டுப் போறவ கதையப் படிக்கவா புள்ளயத் தனியா வுட்டுட்டுப் போற? போதும், நிறுத்திக்க." அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா உள்ளே போய் அந்த நாவலைக் கொண்டுவந்து பெரியப்பா கையில் கொடுத்தாள். ஓரமெல்லாம் பென்சிலால் குறிப்பு எழுதிய ஒரே பிரதி. அதை வைத்துத்தான் அந்த மாதக் கடைசியில் அவள் வகுப்பில் கட்டுரை வாசிக்க வேண்டும். "உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே. படிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. வேணாம்னா நிறுத்திடறேன்."

"அதுவரைக்கும் போவாத," என்றார்.

பத்து நாள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் வரும்போது கதவு திறந்திருந்தது. சூடான டீ இருந்தது. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தோழியின் அழைப்பை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கதை சொன்னால், "ம்" என்று ஜன்னல் வழியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

பதினோராம் நாள் பெரியப்பா வந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக் கடைசிப் பக்கத்தை மறுபடியும் புரட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் வரலியேம்மா."

"இல்ல மாமா. கத அங்கயே முடிஞ்சிடுது."

"இருநூறு பக்கம். சாப்டியான்னு ஒரு வார்த்த கேக்கலம்மா அந்தப் பய! என் சட்ட எங்க, சாவி எங்க, இதான்." உண்மையாகவே அவருக்கு மூச்சு வாங்கியது.

அம்மா பேனாவைத் தேடி ஓடினாள். அந்தப் புருஷன் நாவல் முழுக்கக் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதினாள். அவள் கட்டுரையே அதுதான் ஆனது. "வாசிச்சுட்டு வந்து இன்னா சொன்னாங்கன்னு சொல்லு," என்று பெரியப்பா எழுந்து போனார். படிப்பை நிறுத்துவது பற்றி அதன்பிறகு ஒரு பேச்சும் இல்லை.

மறுநாள் எட்டு மணிக்குப் போன அம்மா ஐந்தரைக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என் பள்ளிக்கதையையும் கேட்டாள். அந்தத் தைரியத்தில்தான் நான் கேட்டேன்.

"நீயும் செலின் மாதிரி பூடுவியாம்மா?"

அம்மா சட்டென்று உட்கார்ந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இதுக்காடி சீட்டு எழுதிப் போட்ட? நான் காலைல போறேன், சாயந்திரம் வந்துடறேன். அந்த மாதிரி போய்ட்டு வர்றதுக்கு செலினுக்கு ஒரு எடம் இல்லாமப் போச்சு."

அவ்வளவு பெரிய பிரான்சில் ஓர் இடமா கிடைக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எப்படியும் அந்தப் படிப்பு சீக்கிரம் முடிந்துவிட வேண்டும் என்று அன்றும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். சாயங்காலங்களில் அம்மாவை எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததே அந்தப் படிப்புதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.