மரகதம் டீச்சரின் மூன்றாவது பீரியடு

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் பிள்ளைகளுக்கு மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். வாளையாரிலிருந்து மரகதம் டீச்சரின் தம்பி போன் செய்தார். "ஏனுங்க சார், அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றார். லீவில் ஊருக்குப் போன டீச்சர், வியாழக்கிழமை வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தேன். எதைச் சுற்றினேனோ தெரியாது. எல்லாவற்றையும் பிரிக்கும்படி ஆயிற்று.

தேவிகுளத்தில் எங்கள் பள்ளியில் அவர் வரலாறு, நான் மின்வேலைப் பயிற்சி. அவர் கிழக்குப் பாலக்காட்டு விவசாயக் குடும்பம், நான் எஸ்டேட் லயத்தில், தேயிலைத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். வந்த புதிதிலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. மூன்றாவது பீரியடு அவருடையது, அது எனக்கு வேண்டும். வயரிங்கைப் பாதியில் போட்டுவிட்டு ராஜாக்கள் கதை கேட்கப் பிள்ளைகள் ஓடினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"லயத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலைதான் டீச்சர் சோறு போடும்" என்பேன்.

"போடட்டுங்க சார். ஆனா என்ற பீரியட மட்டும் தரமாட்டனுங்க" என்று சிரிப்பார். சிரித்தாரே ஒழிய, ஒரு நாள்கூட விட்டதில்லை.

போன வருடம் அவரே வந்து, "இந்தாங்க சார், என்ற பீரியட எடுத்துக்கங்க" என்றார். பெற்றோர் கூட்டத்தில் வட்டவடைக்காரத் தாய் ஒருவர், "எம்மவளுக்கு வயித்துப்பாட்டுக்கு ஒரு வேல சொல்லிக் குடுங்க டீச்சர், பழங்கதையெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாராம்.

"அந்தம்மா கேட்டது நெசந்தானுங்களே" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் புரியாமல் நின்றேன்.

அந்தத் தாயின் மகள் செல்வி, எங்கள் விடுதியில் தங்கிப் படிப்பவள். என்னிடம் கற்ற மின்வேலையில் படு கெட்டிக்காரி. ஓணம் லீவில் ஊருக்குப் போனவள், காட்டுப்பன்றி வராமலிருக்க அப்பாவின் கேரட் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டுக் கரண்டை நேராக அதில் கொடுத்துவிட்டாள். காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பசு செத்துக் கிடந்தது. மனிதர் யாராவது மிதித்திருந்தால்? நான் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

மரகதம் டீச்சர் திட்டவில்லை. அன்றைக்கு மட்டும் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "அந்த வழியா யாரெல்லாம் நடப்பாங்க கண்ணு?" என்று கேட்டார்.

செல்வி அழுதுகொண்டே, "பன்னி தின்னுட்டுப் போச்சுன்னா நாங்க என்னத்த டீச்சர் திங்க?" என்றாள். வகுப்பே இரண்டாகப் பிரிந்து பேசியது. மணி அடித்தும் ஓயவில்லை.

வெளியே வந்த டீச்சர், "எனக்கும் பதில் தெரியலீங்க சார்" என்றார்.

"தெரியாமல் எதற்குக் கேட்டீர்கள்?"

"கேக்காம உட்டா, அடுத்த தடவ இன்னும் நல்லாக் கட்டிருவாளுங்க" என்றார். மறுநாளே பீரியடைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கொடுத்தது சரியா, வாங்கியது சரியா என்று கேட்டால் இரண்டும் சரிதான் என்பார். அவரோடு பேசி நான் ஒரு நாளும் தெளிவாக வீடு திரும்பியதில்லை. இப்போது அந்தக் குழப்பத்துக்கு ஏங்குகிறேன்.

நேற்று தலைமையாசிரியர் அழைத்தார். புது ஆள் வருவது சந்தேகமாம். "மூணாவது பீரியட இனி நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். நான் எத்தனையோ வருடமாகக் கேட்டது.

"வேண்டாம் சார்."

"அப்ப யாரு எடுப்பா? நீங்க வரலாறு நடத்துவீங்களா?"

"தெரியாது சார்" என்றேன். உண்மையிலேயே தெரியாது.

இன்று மூன்றாவது பீரியடில் நான் செல்வியின் வகுப்புக்குப் போனேன். "சார், இது ஒங்க கிளாஸ் இல்லையே" என்றாள் செல்வி. "ஆமா" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மணி அடிக்கும் வரை எல்லோரும் முன்னால் இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போய் வாருங்கள் டீச்சர். உங்கள் பீரியடை நான் எடுத்துக்கொள்ளவில்லை.