தரையோடு ஒரு கிளிவீடு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கிளிகளுக்கு வீடு கட்டுவதில் கள்ளக்குறிச்சியிலேயே என்னைவிடக் கெட்டிக்காரி கிடையாது என்று நம்பினேன். போட்டிக்கு வேறு யாரும் வராததால் அது உண்மையாகவும் இருந்தது.

கிளிகளைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் வண்ண மீன்களும், லவ் பேர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்கிற சின்னக் கிளிகளும் விற்கும் கடை வைத்திருந்தார். வாங்க வருகிறவர்கள் ஜோடியாகக் கேட்பார்கள். ஜோடியில் ஒன்றுக்கு விரல் கோணலாக இருந்தாலும் வேண்டாம் என்பார்கள். அப்படி ஒதுக்கிய மூன்று கிளிகளை ஒரு நாள் மத்தியானம் அட்டைப்பெட்டியில் போட்டு எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். கடையில் இடமில்லை, இரண்டு நாள் இங்கே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னார். அந்த இரண்டு நாளை அம்மா நம்பவில்லை. நானும் நம்பாமல் அன்றைக்கே வேலையில் இறங்கினேன்.

மூன்றில் மஞ்சள் பெட்டைக்குக் கால்கள் இரண்டும் பிறவியிலேயே பக்கவாட்டில் விரிந்திருந்தன. நெஞ்சைத் தரையில் தேய்த்து, நீந்துவதைப்போலத்தான் நகரும். நீலத்துக்கு இறக்கையில் நீள இறகுகள் முளைக்கவே இல்லை. பறப்பதாக நினைத்துக் குதித்து, கூழாங்கல் மாதிரி கீழே விழும். பச்சைக்கு இடது காலில் விரல்கள் இல்லை. கடையில் எலி கடித்துவிட்டதாம். பச்சை நன்றாகவே பறக்கும். போய் உட்காருவதுதான் அதற்குக் கஷ்டம்.

நான் கட்டிய முதல் வீடு மூன்று மாடி. சித்தப்பாவின் பழைய கம்பிக்கூண்டுக்குள் குச்சிகள், ஏணி, ஊஞ்சல், மாடிக்கு ஒரு கண்ணாடி எல்லாம் வைத்தேன். மஞ்சள்தான் அரசி என்று முடிவு செய்து அதை உச்சி மாடியில் ஏற்றினேன். தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோதே அது சரிந்து, ஏணியில் மோதி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் விழுந்தது. நெஞ்சில் தோல் கிழிந்துவிட்டது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு நாள் தினை பக்கமே அது திரும்பவில்லை. நான் அழுதேன். அழுதுகொண்டே அந்த மாடிக் கூண்டைப் பிரித்துப்போட்டேன்.

மூன்றாம் நாள் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, மஞ்சளின் உயரத்திலிருந்து பார்த்தேன். நான் வைத்த தீனிக்கிண்ணத்தின் விளிம்பு அங்கிருந்து மதில் சுவர் மாதிரி தெரிந்தது. அன்றைக்கே கிண்ணங்களை எடுத்துவிட்டு பாட்டில் மூடிகளை வைத்தேன். அப்பா காய்கறி மண்டியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டிகள் வாங்கிவந்தார். நடுவில் வழி வெட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டி, மேலே வலை போட்டு மூடினோம். மாடி கிடையாது. எல்லாம் தரையோடு தரை.

அதிலும் தப்பு செய்தேன். மெத்தென்று இருக்கட்டும் என்று பூத்துண்டு விரித்தேன். அதன் நூலில் நகம் மாட்டி, நீலம் மல்லாந்து திணறிக் கிடந்ததை அம்மாதான் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி விடுவித்தாள். பிறகு அப்பாவின் பழைய பனியன்களைத் துவைத்து விரித்தேன். உருண்டைக் குச்சிகளுக்குப் பதிலாகத் தட்டைப் பலகைகள், அவற்றின் மேல் காயக்கட்டுத் துணி. வெட்டிய வழியின் விளிம்பைத் தாண்டி, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு ஏறி இறங்க ஒரு சாய்வுப் பலகை. வழுக்காமல் இருக்க அதன் குறுக்கே விளக்குமாற்றுக் குச்சிகளை வரிசையாக ஒட்டினேன். மஞ்சள் முதல் நாள் அதில் எட்டு முறை ஏறி இறங்கியது. உமி கூடமெல்லாம் பறக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்த அம்மா, கடைசியில் பெட்டியைச் சுற்றி ஒரு பாவாடையே தைத்துப் போட்டாள்.

இப்படி எல்லாம் சரியாகிவந்த நேரத்தில்தான் பெரியப்பாவின் போன் வந்தது.

பெரியப்பாவுக்கு வடக்கனந்தலில் கரும்பு நிலம். அந்த வருடம் கரும்பு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நான்கு மாதம் மல்லாந்து படுத்திருந்தார். இப்போது எழுந்துவிட்டார், நன்றாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். படுக்கையில் இருந்தபோது அவர் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். நடக்க ஆரம்பித்ததும் வெள்ளிமலைக்குப் போய்ச் சாமி கும்பிட வேண்டும். போகிற வழியில் நம் குடும்பத்தில் கூண்டில் கிடக்கிற உயிர்களைக் காட்டில் விட்டுவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் கூண்டில் கிடந்த உயிர்கள் என்னுடைய மூன்றுதான்.

அப்பாவும் சித்தப்பாவும் அண்ணன் பேச்சைத் தட்டுகிறவர்கள் இல்லை. நானே போனை வாங்கி, இதுகளுக்கு உடம்பு சரியில்லை, காட்டில் பிழைக்காது என்று விளக்கினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார்.

"ஒரே எடத்துல கெடக்கறது எப்டி இருக்கும்னு உனுக்குத் தெரியாது கண்ணு. எனுக்குத் தெரியும்," என்றார்.

எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அவருக்குக் கிளிகளைப் பற்றி என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வேனில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலை ஏறியது. வளைவுகளில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நான் மட்டும் மடியில் இருந்த பெட்டி சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். பாதி மலையில், சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருந்த ஓரிடத்தில் பெரியப்பா நிறுத்தச் சொன்னார். அப்பா நீட்டிய கையைப் பிடிக்காமல், வேன் கதவைப் பிடித்து மெல்ல இறங்கினார்.

நான் பெட்டியைக் கொடுக்கவில்லை.

"தொறக்கறதுன்னா தொறங்க பெரிப்பா. ஆனா தரையில வச்சித்தான் தொறக்கணும். கையில எடுத்து மேல தூக்கி வுடக் கூடாது," என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சரி என்றார். புல்லின் மேல் பெட்டியை வைத்து, வலையை நானே எடுத்தேன். மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தது. பிறகு சாய்வுப் பலகையில் நிதானமாக இறங்கிப் பாட்டில் மூடியில் தினை கொறிக்கத் தொடங்கியது. நீலம் விளிம்பில் ஏறி நின்று மலையைப் பார்த்தது. மலை பிடிக்கவில்லை போலிருக்கிறது, உள்ளே திரும்பிவிட்டது. நான் வெற்றியோடு பெரியப்பாவைப் பார்த்த அந்த நொடியில் பச்சை பறந்துவிட்டது.

சாலைக்கு அப்பால் ஒரு கடுக்காய் மரம். அதன் கிளையில் போய் இறங்கியது. இறங்கியதும் சறுக்கியது. ஒற்றைக் காலால் தொற்றி, இறக்கையை அடித்து, மறுபடி நிமிர்ந்தது. காற்று வீசியபோது மறுபடி சறுக்கியது. எங்கிருந்தோ இரண்டு கரிச்சான் குருவிகள் வந்து அதன் தலைக்கு மேல் மாறிமாறிப் பாய்ந்தன. பச்சை இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் பறந்தது. எங்கேயும் அதனால் நிற்க முடியவில்லை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பாவின் முகம் மாறிவிட்டிருந்தது. நான் பெட்டிக்குள்ளிருந்து பச்சையின் தட்டைப் பலகையை உருவினேன். எங்களில் உயரமானவர் பெரியப்பாதான். பலகையை அவர் கையில் கொடுத்தேன்.

"தலைக்கு மேல தூக்கிப் புடிங்க. ஆடக் கூடாது."

அவர் வேனில் முதுகைச் சாய்த்து, பலகையை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தார். நான் மஞ்சள் இருந்த பெட்டியை அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தேன். மஞ்சளுக்குப் பச்சையைக் காணாவிட்டால் பொறுக்காது. கத்தத் தொடங்கியது. மேலிருந்து பச்சை பதில் கத்தியது. அது கிளம்பி ஒரு வட்டம் போட்டது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பெரியப்பாவின் கால் நடுங்கிப் பலகையும் லேசாக ஆடியது.

"ஆடுது பெரிப்பா. நேரா நில்லுங்க."

அம்மா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஆடினால் பச்சை எப்படி உட்காரும்? அப்பா பலகையை வாங்கக் கை நீட்டினார். பெரியப்பா தலையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வட்டத்தில் பச்சை பலகையில் இறங்கியது. விரலில்லாத காலைக் காயக்கட்டுத் துணியில் அழுத்தி, வயிற்றை வைத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டது. பெரியப்பா ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகக் கையை இறக்கினார். நான் வலையைப் போட்டேன். அவர் அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பெட்டியைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். இது ஏன் தட்டையாக இருக்கிறது, குச்சியை ஏன் குறுக்கே ஒட்டினாய், மூடி ஏன் இவ்வளவு சின்னது? ஒரு ஆசிரியையின் தோரணையில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வரையில் பெட்டி அவர் மடியில்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து மறுபடி போன். வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிறதாம், என்னை அழைத்துவரச் சொன்னார். பெரியப்பா வீட்டு வாசலில் உயரமான மூன்று கல்படிகள் உண்டு. அவற்றின் ஒரு பக்கத்தை உடைத்து, சாய்வாகச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் சரியில்லை என்றேன். தெருவில் குப்புறப் படுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, செங்குத்தாக இருக்கிறது, இன்னும் நான்கடி நீட்ட வேண்டும், பிடிக்கக் கம்பி வேண்டும், ஈரத்திலேயே குறுக்கே கோடு இழுக்க வேண்டும் என்றேன். கொத்தனார் சிரித்தார்.

"அவ சொல்றாப்ல போடு," என்றார் உள்ளே நாற்காலியில் இருந்த பெரியப்பா.

அடுத்த ஞாயிறு எல்லோரும் போனோம். சாய்வு காய்ந்து அழகாக இருந்தது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வாசலில் கூடியிருந்தார்கள். நான் பெரியப்பாவிடம் போய், நடந்து காட்டுங்கள் என்றேன்.

"அப்பறமா பாக்கலாம் கண்ணு. போய் கலர் குடி," என்றார்.

நான் விடவில்லை. மஞ்சள் முதல் நாளே எட்டு முறை இறங்கியதை எடுத்துச் சொன்னேன். நடந்து பார்க்காமல் சரியா தப்பா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வேட்டியைச் சரிசெய்தார், எழுந்திருக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை பெரியம்மா போனில் அம்மாவிடம் சொன்னாள். விடிந்தும் விடியாமல், தெருவில் ஒருவரும் எழுந்திருக்காத நேரத்தில், பெரியப்பா தனியாகச் சாய்வில் இறங்கித் தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தாராம். நான்கு மாதமும் அதற்கு மேலும் ஆயிற்று அவர் தெருவில் தனியாக நடந்து என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு யோசித்துக் கட்டியவளை வைத்துக்கொண்டு நடக்காமல், ஒருவரும் பார்க்காதபோது எதற்காக நடக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை இழுத்து, சிக்கெடுக்காமல் இருந்த தலையைப் பின்னத் தொடங்கினாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.